தட்டு ஆறும் வரை

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த மேல்வீட்டின் பின் யன்னலைத் திறந்தால் ஒரு பேக்கரியின் புகைபோக்கி கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும். கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய முதல் காலையில் என்னை எழுப்பியது சேவலோ கோயில் மணியோ அல்ல, பாண் வேகிற வாசம்தான். என் கணவர் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அவருடைய தமையனார் குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. வரும்போதெல்லாம் தமையனார் மூக்கைச் சுளிப்பார். "சைவ ஆக்கள் இருக்கிற இடமோ இது? வெள்ளவத்தைக்கு வாங்கோ. கடற்காத்து, கோயில், எங்கட சனம், எல்லாம் இருக்கு" என்பார். நான் அசையவில்லை. அந்தப் பாண் வாசத்தை விட்டுவிட்டுக் கடற்காற்றுக்குப் போகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை.

எங்கள் பின்படி இறங்குவது ஒரு முட்டு ஒழுங்கையில், மறுமுனையில் வழியில்லாத சந்து அது. ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுவதும் பேக்கரியின் முதுகு. வீதிப் பக்கமாகப் போறணை வாய், அதைத் தாண்டி உள்ளே வந்தால் வேலைக்காரர் தங்குகிற சிறிய அறைகள், கடைசி அறைக்குப் பக்கத்தில் எங்கள் படி. போறணை என்று நாங்கள் சொல்வது பாண் சுடுகிற செங்கல் அடுப்பை. அதை நான் முதன்முதல் உள்ளே எட்டிப் பார்த்த நாள் இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஓர் அறையளவு குகை, கூரையும் தரையும் செங்கல், கல் எல்லாம் செவ்வரத்தம்பூ நிறத்தில் கனன்றுகொண்டு நின்றன. வாய் மூட மறந்து நின்றேன். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கும்போது வருகிற பயம் எனக்கு அங்கே வந்தது. இதைச் சொன்னால் தமையனார் என்னைக் கடலில்தான் முழுக வைப்பார் என்பதால் வீட்டில் சொல்லவில்லை.

அந்த நெருப்பை ஆண்டவர் கடைசி அறையில் இருந்தவர். எல்லாரும் அவரைப் போறணைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒல்லி உடம்பு, வலது முழங்கைக்குக் கீழே ஒரு மயிர் கிடையாது. சூடு பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த கருவி அந்தக் கைதான். வெறுங்கையைப் போறணைக்குள் நீட்டிக்கொண்டு மாதா செபம் ஒன்றை வாய்க்குள் சொல்லுவார். செபத்தின் பாதியில் கை தாங்காவிட்டால் பாணுக்குச் சரி. முழுச் செபமும் சொல்லி முடிக்கலாம் என்றால் சூடு இறங்கிவிட்டது, கேக் வைக்கலாம். அவருடைய மனைவி நான் சொல்லவரும் வருடக் கடைசியில் நிறைமாதமாக இருந்தாள். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன பிறகு வந்த கர்ப்பம். படியில் இரண்டு எட்டு ஏறினாலும் மூச்சு வாங்குவாள், நான்தான் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பேன்.

உலக யுத்தம் முடிந்தும் மாவும் சீனியும் கூப்பனுக்குத்தான் கிடைத்த காலம். அதைச் சாட்டி முதலாளி சம்பளத்தை நிறுத்தினார். முதலில் ஒரு மாதம் பிந்தியது. பிறகு பாதி வந்தது. பிறகு அதுவும் இல்லை. கேட்டால், "மா வரட்டும்", "கூப்பன் கணக்கு முடியட்டும்", கடைசியில் "பெருநாள் முடியட்டும்." இவ்வளவுக்கும் பாண் ஒரு நாளும் மிஞ்சிக் கிடக்கவில்லை. முதலாளி வெள்ளவத்தையில் கடல் பார்த்த புது வீடு கட்டிக் குடிபோனதும் அந்த வருடம்தான். வேலையை விடுகிறவனுக்குப் பழைய சம்பளமும் கிடையாது, தங்கிற அறையும் கிடையாது என்று ஒரு நாள் ஒழுங்கையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அறைகள் அவருடையவை. போறணைக்காரர் வேலையை விட்டால் நிறைமாதக்காரியோடு தெருவில்தான் நிற்க வேண்டும். விடாவிட்டால் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சியைக் கூப்பிடக் கையில் ஒரு சதம் இல்லை. இப்படித்தான் அந்த மனிதரின் கழுத்து இரண்டு பக்கமும் இறுக்கப்பட்டிருந்தது.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப் பக்கத்து வீடுகள் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கும்.

"வேலையெண்டு ஒண்டை எடுத்தா செய்யத்தான் வேணும்" என்றார் இவர். "சம்பளம் வேற, கடமை வேற. முறைப்படி லேபர் கந்தோருக்கு எழுதிப் போடலாம். அதுமட்டும் வேலையை நிப்பாட்டுறது பிழை."

"உங்களுக்கு ஒரு மாதம் சம்பளம் தராமல் விடட்டும், பாப்பம். அடுத்த நாளே கந்தோர் எல்லாம் குலுங்குமே!"

"நான் அரசாங்க உத்தியோகத்தன். உமக்கு இது விளங்காது."

"விளங்குது. போறணையில தண்ணியை ஊத்திப்போட்டு எழும்பிப் போகவேணும். அப்பதான் அந்த மனிசனுக்கு உறைக்கும்."

"போறணை ஆறினாக் கல்லு வெடிக்குமாம். பிறகு ஆர் கட்டுறது?"

"கட்டினது ஆரெண்டு கேளுங்கோ முதல்ல."

இப்படியே போகும். அவர் அமைதியாகத்தான் கதைப்பார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ரசத்தைச் சூடாக ஊற்றி விட்டுவிடுவேன், நாக்கைச் சுட்டுக்கொண்டு பேசாமல் இருக்கட்டும் என்று.

கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய அந்த நாட்களில் ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது. அக்காலத்தில் கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டிலும் கேக் சுடுகிற அடுப்பு கிடையாது. வீடுகளில் ரவையும் முட்டையும் முந்திரிப்பருப்பும் சேர்த்துக் குழைத்துத் தட்டில் ஊற்றி, பேக்கரிக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாண் வெந்து முடிந்த பிறகு எஞ்சிய சூட்டில் கேக் வேகும். தட்டு மாறாமல் இருக்க ஒரு வீடு கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டும், இன்னொரு வீடு மாவின் மூலையில் ஒரு பாசிமணியைக் குத்திவிடும். வெந்த தட்டுகளை வெளியே எடுத்து ஒழுங்கையில் பலகைகள் போட்டு ஆறவைப்பார்கள். சூட்டோடு அசைத்தால் கேக் நடுவே குழிந்துவிடும், ஆகவே வைத்த இடத்திலேயே மத்தியானம் சாயும் வரை கிடக்கும். தட்டுக்கூலி பேக்கரிக்கு. வருடத்தில் முதலாளிக்கு அதிகம் வருமானம் வருகிற கிழமை அதுதான். அந்தக் கிழமையில் இவன்கள் வேலையை நிறுத்தினால் தெருப் பெண்கள் இவன்களைத்தான் திட்டுவார்கள், தன்னை அல்ல என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். ஆள் மடையன் அல்ல.

நத்தாருக்கு இரண்டு மூன்று நாட்கள் இருக்கும்போது, ஒரு காலை பாண் வாசம் இல்லாமல் நான் விழித்தேன். ஒரு கணம் எனக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்றே நினைத்தேன். யன்னலைத் திறந்தால் புகைபோக்கியில் புகை இருந்தது. பாண் மட்டும் இல்லை. கீழே பேக்கரியின் முன்கதவு பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் போறணை வாய் திறந்திருந்தது.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு கிறிஸ்தவ விதவை அம்மா இருந்தார், வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவர்தான் மூச்சிரைக்கப் படியேறி வந்து விஷயத்தைச் சொன்னார். வேலைக்காரர் முதலாளியின் மாவைத் தொடப்போவதில்லை. சம்பளம் வரும் வரை ஒரு றாத்தல் பாணும் சுடப்போவதில்லை. ஆனால் தெருவின் கேக் தட்டுகளை எப்போதும் போலப் போறணையில் வைப்பார்கள். தட்டுக்கூலி வாங்கமாட்டார்கள். முதலாளியின் விறகில் ஒரு துண்டுகூட எரிக்கமாட்டார்கள், ஆகவே தட்டுக் கொண்டுவருகிற ஒவ்வொரு வீடும் தன் பங்கு விறகையும் கொண்டுவர வேண்டும். விடியப் போறணை மூட்டியதுகூடத் தன் வீட்டு விறகில்தான் என்றார்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். அன்று அவருக்குக் கந்தோர் லீவு. முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு நின்றார்.

"விறகும் தாங்களே..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பாவம், முதலாளியின் விறகை எரிக்கிறார்களே என்பதுதான் அவருடைய அடுத்த ஆட்சேபணையாக வரவிருந்தது.

அந்தக் காலையை நான் என்னவென்று சொல்வது? மழை விட்டுக் கண்ணைக் கூசுகிற வெயில். ஒழுங்கைக்குள் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கையில் கேக் தட்டு, மறு கக்கத்தில் விறகுக் கட்டு. பறங்கித் தெருவிலிருந்து தொப்பி வைத்த ஒரு நோனா, மரியாதைக்குரிய பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், கையுறை போட்ட கையில் தேங்காய் மட்டை இரண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சந்தையில் மீன் விற்கிறவள் தன் கூடையை உடைத்துக் கொண்டுவந்தாள். பாண் சுடாத போறணையில் எஞ்சிய சூடு எங்கேயிருந்து வரும்? கேக்குக்கு வேண்டிய மெல்லிய சூட்டுக்காக அவர்கள் போறணையை முழுக்க எரித்து, பிறகு அது இறங்கும் வரை சும்மா காத்திருந்தார்கள். பாணுக்கென்றே ஏறிய அத்தனை வெக்கையும் வீணாகப் போனது. போறணைக்காரர் கையை நீட்டினார். ஒழுங்கை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவருடைய உதடு அசைகிறது, அசைகிறது, செபம் முடிந்தது. கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். 

பறங்கி நோனா பழக்கத்தில் பையைத் திறந்து கூலியை நீட்டினார். வியர்வை சொட்டச் சொட்டத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்த போறணைக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"வேணாம் நோனா. இன்டைக்கு நாங்க வேலைக்கு நிக்கல்ல."

இப்படியொரு வசனத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கண்முன்னே ஆறேழு மனிதர் முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள், ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. நானும் இவரும் இத்தனை நாள் சண்டை பிடித்த கேள்வி, வேலை செய்வதா விடுவதா என்ற அந்தக் கேள்வி, எனக்குச் சின்னப் பிள்ளைகளின் கேள்வி மாதிரித் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தையிலிருந்து கார் வந்தது. முதலாளியின் மனைவிக்கு அந்தப் போறணையில் வெந்தால்தான் கேக். புது வீட்டுக்குப் போயும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாரதி வழக்கமான பெரிய செம்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பேக்கரியில் நடப்பது ஒன்றும் அந்த வீட்டுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை போலும். வேலைக்காரருக்குள் முணுமுணுப்புக் கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை, படியில் நின்று கத்தினேன்: "அதைத் திருப்பி அனுப்புங்கோ!"

போறணைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "அதுவும் ஒரு வீட்டுக் கேக்தானே நோனா" என்றார்.

"விறகு கொண்டுவரேல்லையே!"

அவர் தன் அறைக்குள் போய், மனைவி சமைக்க வைத்திருந்த விறகில் இரண்டு துண்டை எடுத்துவந்து விறகுக் குவியலில் போட்டார். எனக்குக் கோபமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. இரண்டில் எதைச் செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

தட்டுகள் வெந்து வெளியே வரத் தொடங்கின. வழக்கம்போல ஒழுங்கையின் நடுவே நடக்க ஒரு வழி விட்டு, இரண்டு பக்கமும் பலகைகளில் வைத்தார்கள். செம்புத் தட்டு பெரியது, பலகையில் அடங்கவில்லை. போறணைக்காரர் அதைத் தன் அறை வாசற்படியில் வைத்தார்.

முதலாளி வந்தபோது முற்பகல். முன்கதவு பூட்டிக் கிடப்பதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு புதுப் பூட்டு. பின்னால் சாமான் தூக்குகிற இரண்டு ஆட்கள். ஒழுங்கை வாயிலில் நின்று சத்தம் போட்டார்: "சொன்னனா இல்லையா? அறையைக் காலி பண்ணு! இன்டைக்கே, இப்பவே!"

கடைசி அறைக் கதவில் போறணைக்காரரின் மனைவி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

முதலாளி நடுவழியில் காலை வைக்கப் போனார். கீழ்வீட்டு அம்மா தன் தட்டைப் பலகையிலிருந்து எடுத்து, ஆம், கேக் குழிந்தால் குழியட்டும் என்று எடுத்து, அவருடைய காலுக்கு முன்னால் வைத்தார். "மெல்ல முதலாளி, சூடு" என்றார். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பறங்கி நோனா தன்னுடையதை வைத்தார். மீன்காரி வைத்தாள். ஒரு நிமிடத்தில் ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கால் வைக்க இடமில்லாமல் கேக். ஒழுங்கையெங்கும் ஆவி பறந்தது. வருடம் முழுவதும் சேர்த்த சீனிக் கூப்பன், ஒவ்வொன்றாக மிச்சம் பிடித்த முட்டை, எல்லாம் அங்கே தரையில் கிடந்தன. மிதித்தால் ஒரு தெருவின் நத்தாரை மிதிக்க வேண்டும். அந்த வழி முடிகிற இடத்தில், வாசற்படியில், முதலாளி வீட்டுச் செம்புத் தட்டு.

"எடுங்க இதுகள!" என்றார்.

"ஆறாமல் எடுக்கேலாதே" என்றாள் மீன்காரி. "உங்கட நோனாவுக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் எங்கள் பின்படியில் வந்து நின்றது. படி இறங்குவது கடைசி அறைக்குப் பக்கத்தில். முன்வாசலால் எங்கள் வீட்டுக்குள் ஏறி, பின்படியால் இறங்கினால் ஒரு கேக்கையும் மிதிக்காமல் அந்தக் கதவுக்குப் போய்விடலாம். மேலே இவர் என்னருகில் நின்றார். முதலாளி இவரை அறிவார், ஞாயிறுகளில் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்கிற பழக்கம். குரலை இறக்கி, மரியாதையாகவே கேட்டார்:

"ஐயா, நீங்க முறை தெரிஞ்ச மனிசன். உங்கட படியால ஒருக்கா இறங்கிப் போக விடுங்க."

ஒழுங்கை முழுவதும் இவரை அண்ணாந்து பார்த்தது. அந்த நிறைமாதக்காரியும் பார்த்தாள். இவர் உள்ளே திரும்பிப் போனார்.  அறை முதலாளியுடையது, உரிமை முதலாளியுடையது, முறை முறைதான் என்று இவர் முன்கதவைத் திறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது.

வந்தார். காலையில் விட்ட பாதிச் சவரத்தோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எங்கள் வீட்டு மோர்மிளகாய்ச் சுளகோடு வந்தார். அதைப் பின்படியின் நடுவே வைத்தார். போதாதென்று நினைத்தாரோ என்னவோ, மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஒவ்வொரு மிளகாயாக எடுத்துப் பரப்பினார். கோப்புகளை அடுக்குகிற அதே நிதானம். பரப்பி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"படியில மிளகாய் காயுது முதலாளி" என்றார். "கால் வைக்கேலாது."

"ஐயா, நீங்களுமா?"

"வெயில் இருக்கேக்கதானே காயப்போடலாம்."

என் மனிதரை நான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு விதியை மீறாதவர், டிக்கெட் இல்லாமல் ஒரு தரிப்புத் தூரம்கூட டிராமில் போகாதவர். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கீழே மீன்காரி சிரித்தேவிட்டாள்.

முதலாளி வெகுநேரம் நின்றார். வெயில் ஏறியது. கூட வந்த இரண்டு ஆட்களில் ஒருவன் போறணை நிழலில் போய்க் குந்திக்கொண்டான். கடைசியில் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் திரும்பிப் போனார்.

பொழுது சாய்வதற்கு முன் மறுபடி வந்தார். இம்முறை ஆட்கள் இல்லை, பணம் இருந்தது. வெள்ளவத்தை வீட்டில் என்ன நடந்தது, மனைவி என்ன சொன்னார், நத்தார் வியாபாரம் போகிற பயமா, எதுவும் எனக்குத் தெரியாது. அதற்குள் தட்டுகள் ஆறி, வீடுகளுக்குப் போய்விட்டன. பல கேக்குகள் நடுவே குழிந்துதான் போயின, அந்த வருடம் குழியாத கேக் வைத்திருந்தவர்கள்தான் வெட்கப்பட்டார்கள். பாக்கியில் பெரும்பகுதியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார், மிச்சம் தைமாதம் என்றார். போறணைக்காரர் வாங்கி மடியில் முடிந்துகொண்டார். பிறகு வாசற்படியிலிருந்த செம்புத் தட்டின் அடியை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, இரண்டு கையாலும் தூக்கி முதலாளியிடம் கொடுத்தார்.

"ஆறிட்டுது முதலாளி. இனிக் கொண்டுபோகலாம்" என்றார்.

அதில் குத்தல் இல்லை. கேக் ஒன்றுதான் அவருடைய நினைப்பில் இருந்தது. அதுதான் என்னை இன்றுவரை தலை குனிய வைக்கிறது. மறுநாள் விடியப் பாண் வாசத்தில் விழித்தேன்.

பணம் வந்த அன்றிரவுச் சாப்பாட்டில் நான் இவரைச் சீண்டிப் பார்த்தேன். "அப்ப வேலையை நிப்பாட்டினது சரியோ பிழையோ?"

"ஆர் நிப்பாட்டினது? நாள் முழுக்க வேலை செய்தவைதானே" என்றார். பிறகு, "ரசம் இண்டைக்குச் சூடு காணாது" என்றார்.

ஆனால் அடுத்த நாள் காலையிலும் அவர் மிளகாயைப் படியில் பரப்பினார். அதற்கடுத்த நாளும். கந்தோருக்குப் புறப்படுமுன், சப்பாத்தைப் போடுமுன், மேல்படி தொடங்கிக் கீழ்ப்படி வரை. மழை தூறினால் எடுத்துவைத்து, விட்டதும் மறுபடி பரப்பச் சொல்லி எனக்குக் கட்டளை. மிச்சச் சம்பளம் வரவில்லை, பூட்டு இன்னும் முதலாளியின் பையில்தான் இருந்தது, படியின் கீழே அந்த அறையில் நிறைமாதக்காரி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மிளகாய் எப்போதோ காய்ந்து, தொட்டால் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. தமையனார் வந்து, "இதென்ன விசர் வேலை, படியில?" என்று கேட்டார். "காயேல்லை அண்ணை" என்றார் இவர்.

தைமாதம் பிறந்து சில நாட்களில், ஒரு விடியற்காலை, பாண் வாசத்தோடு சேர்ந்து கடைசி அறையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் வந்தது. நல்ல பலமான குரல். இவர் பாயில் எழும்பி உட்கார்ந்து கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போய், படியிலிருந்த மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுளகில் போட்டு உள்ளே கொண்டுவந்து வைத்தார்.